மாவு வைத்த மூடி

வெஸ்ட்போர்ட்
6 ஜூன் 1999

டக்,

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வருடம், நான்கு மாதம். இனி முடியாது.

நேற்று வீட்டு வடிப்போர் சங்கத்தின் செய்திமடல் வந்தது. சந்தாவை நான் இன்னும் நிறுத்தவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. நடுப்பக்கம் முழுக்க வரைபடம். தலைப்பு, "டக்ளஸின் தூண்: வாசனையே இல்லாத ஸ்பிரிட்டை வீட்டிலேயே வடிக்கலாம்". கீழே உன் பெயர், இன்வர்கார்கில் முகவரி, சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லித் தொலைபேசி எண். மூன்று முறை படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை. ஒரு நன்றிகூட இல்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். வீட்டில் வடிப்பது குற்றமில்லை என்று சட்டம் மாறிய புதிதில் நீ கட்டியது வெறும் பானையும் வளைந்த குழாயும். அதிலிருந்து சொட்டியதில் நனைந்த நாயின் வாடை அடித்தது. "அண்ணே, நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்று கேட்டது நீ. ஆவி மேலே போய்க் குளிர்ந்து மறுபடியும் தூணுக்குள்ளேயே விழவேண்டும், விழுந்தது திரும்ப ஏறவேண்டும், ஒரு சொட்டு வெளியே வருமுன் இருபது தடவை விழுந்து எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னது நான். தூணின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் எத்தனை உருண்டை, எத்தனை இறுக்கம் என்று ஐந்தாம் படிவத் தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டதும் நான். நீ செம்பை வெட்டி ஒட்டினாய். அழகாகவே ஒட்டினாய். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

சங்கப் போட்டியில் நமக்குக் கோப்பை கொடுத்த நாளும் நினைவில் இருக்கட்டும். நடுவர் நம் பதினாலாம் எண் குவளையை முகர்ந்தார், சுவைத்தார், மறுபடி முகர்ந்தார். "இதில் ஒன்றுமே இல்லை" என்றார். அந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. மேடைக்கு நீ மட்டும் போனாய். யாரோ கலனின் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மாவைப் பற்றிக் கேட்டபோது ஒலிபெருக்கியில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

"அது எங்க அண்ணன் கைவேலைங்க. நான் பளபளன்னு மூடி செஞ்சு குடுத்தா, மீன் பொரிக்கக் கரைக்கிற மாவு மாதிரி எதையோ அப்பி வச்சிருக்காரு. ஒரு நாள் அது பிச்சுக்கிட்டுப் போய்க் கூரையில ஒட்டிக்கிச்சு. இன்னும் அங்கதான் இருக்கு, பாக்கணும்னா வாங்க."

மண்டபமே சிரித்தது. திங்கட்கிழமை பள்ளியில் கரும்பலகையில் "மாவு வாத்தியார்" என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் நான் வேலையை விட்டு இந்த மழை ஊருக்கு ஏன் வந்தேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இப்போது மடலில், மூடியை வெள்ளிப் பற்றாசு வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடச் சொல்கிறாய். "பழைய மாதிரியில் இருந்த கசிவு நீக்கப்பட்டது" என்று பெருமை வேறு. படித்ததும் சிரித்துவிட்டேன். நம் தூணை நீ ஒருநாளும் புரிந்துகொள்ளவில்லை, டக். அந்த மாவு எதற்கென்று எனக்குத்தான் தெரியும். வடிவமைத்தவன் என்று அடுத்த மடலில் என் பெயர் வரட்டும். பிறகு சொல்கிறேன்.

நெவில்

---

இன்வர்கார்கில்
14 ஜூன்

அண்ணே,

உன் லெட்டர் கெடச்சுது. எங்க வீட்டுல, ஆவ்ரிலுக்குப் படிச்சுக் காட்டினேன். "ரெண்டு வருஷமா இதையே ஊறப்போட்டு வச்சிருந்தாரா உங்க அண்ணன்?"னு கேட்டா.

எனக்கும் ஞாபகம் இருக்கு, கேளு. உன்ன மேடைக்கு நான் கூப்பிட்டேன். கையப் புடிச்சு இழுத்தேன். "பள்ளிக்கூட வாத்தியார் சாராயக் கோப்பையத் தூக்கிக்கிட்டு நின்னா பெத்தவங்க என்ன சொல்வாங்க, என் பேரே வரக்கூடாது"ன்னு பின்வரிசையில போய் உக்காந்துகிட்டது யாரு? நுழைவுத் தாள்லயும் என் பேர மட்டும் எழுதச் சொன்னது யாரு? அன்னிக்கு வேணாம்னு சொன்ன பேரு இன்னிக்கு வேணும். சரி, வேணும்னா கேக்கலாம். இப்படியா கேப்பாங்க?

கூரையில ஒட்டினதச் சொல்லிச் சிரிச்சேன். அண்ணன் தம்பின்னா சிரிக்கமாட்டாங்களா? உனக்கு அது இப்படி உறுத்தும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கமாட்டேன்.

ஒரு நல்ல சேதி. ஷோனா ஒண்ணு கட்டியிருக்கா. என் பொண்ணு, தன் கையாலயே. வின்டன் பண்ணையில, அந்தப் பழைய துணி துவைக்கிற ரூம்ல. பீர் பீப்பா, ரெண்டு மீட்டர் செம்புக் குழாய், உன் கணக்குப்படி நார் உருண்டை. மூடிய மட்டும் நான் போய் ஒட்டிக் குடுத்தேன். நாலு தடவ ஓட்டியாச்சு. ஒரு மூச்சு வெளிய வரல. சீஸ் ரோலச் சாப்டுக்கிட்டே நானும் மாப்பிள்ள டேனும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். "பெரியப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு"ன்னு ஷோனா சொன்னா. உன் கணக்கத்தான் அவ செவுத்துல ஒட்டி வச்சிருக்கா.

மாவு ரகசியத்த நீயே பத்திரமா வச்சுக்கோ. எனக்கு வேணாம்.

டக்

---

வெஸ்ட்போர்ட்
18 ஜூன் 1999

டக்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. என் பெயரை மறந்துவிடு. முதலில் இதைப் படி.

ஷோனாவிடம் உடனே சொல். அந்தக் கலனை இனி மூட்டக்கூடாது. மூடியை வெட்டி எடுக்கும் வரை கூடாது.

அந்த மாவு என் கைவேலையின் குறை அல்ல. கலனில் எல்லாவற்றுக்கும் முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டியது அது, அதற்காகத்தான் வைத்தேன். உன் வரைபடத்திலேயே எழுதியிருக்கிறாய்: "முதல் ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காதீர்கள், எல்லாம் உள்ளேயே விழட்டும்." அந்த ஒரு மணி நேரம் ஆவிக்கு வெளியே போக வேறு வழியே கிடையாது. மேலே குளிர்ந்த தண்ணீர் ஓடும்வரை பரவாயில்லை, ஆவி நீராகிக் கீழே விழுந்துகொண்டிருக்கும். தண்ணீர் நின்றால்? கீழே மின்சாரம் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஆவி சேர்ந்துகொண்டே போகும். மாவு இருந்தால் மாவு பிய்த்துக்கொண்டு போகும். நீ பற்றாசு வைத்த மூடி போகாது. உன் கைவேலை அவ்வளவு நன்றாக இருக்கும். பீப்பாய்தான் பிளக்கும்.

கூரையில் மாவு ஒட்டிய நாளை யோசித்துப் பார். ஆவ்ரில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாள். நம் ரப்பர் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்தது. மாவு தெறித்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பதற்கு நீயும் நானும் மிச்சம் இருந்தோம்.

ஷோனாவின் துவைக்கும் அறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாட்டுத் தொட்டிகளுக்குப் போகும் அதே குழாயிலிருந்துதானே? இதை எழுதுமுன் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து.

நெவில்

---

இன்வர்கார்கில்
26 ஜூன்

அண்ணே,

நீ கெட்டிக்காரன்தான். ஆறாந் தேதி, "பேரு போடு, அப்புறம் சொல்றேன்"னு எழுதின. பேரு வராதுன்னு தெரிஞ்சதும் பதினெட்டாந் தேதி அது வெடிகுண்டாயிடுச்சு. உன் எடத்துல வேற ஒருத்தன் இத எழுதியிருந்தா நீயே என்ன சொல்லியிருப்ப?

இருபத்தஞ்சு வருஷமா வீடு வீடா வெந்நீர் பாய்லர் பூட்டறவன் நான். எனக்கு ஆவி எங்க போகும்னு நீ பாடம் எடுக்கிற.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. மாவுக்கு இவ்வளவு பெரிய காரணம் இருந்துச்சுன்னா, நாங்க சிரிச்ச அன்னிக்கே ஏன் சொல்லல? கார்ல முப்பது மைல் பக்கத்துல உக்காந்து வந்தியே, அப்ப ஏன் சொல்லல? ரெண்டு வருஷமா யாருக்கும் சொல்லாத காரணம், மடல் வந்த உடனே எங்கிருந்து வந்துச்சு?

சந்தேகம் வேணாம்னு ஞாயித்துக்கிழமை ஷோனா வீட்டுக்குப் போய் ஓட்டிப் பாத்தேன். குளிர் தண்ணி அடிச்சுக்கிட்டு ஓடுது. ரெண்டு மணி நேரம் கையிலயே புடிச்சுப் பாத்துட்டேன். ஒரு தடவகூட எளைக்கல. அஞ்சாவது தடவையும் சரியா வந்துச்சு. போதுமா?

உனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு ஆவ்ரில் கவலப்படறா. டாக்டரப் பாரு.

டக்

---

வெஸ்ட்போர்ட்
1 ஜூலை 1999

டக்,

மாடுகள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாயே, அந்தப் பண்ணையில் எத்தனை மாடு இருந்தது? ஒன்றுகூட இருந்திருக்காது. இந்த ஜூன், ஜூலைக் குளிர்காலத்துக்கு, டர்னிப் கிழங்கு வயல் வைத்திருப்பவனிடம் மேய ஓட்டி விட்டிருப்பார்கள். ஐந்து தடவையும் நீங்கள் ஓட்டியது காலிப் பண்ணையில். தொட்டிகள் நிறைந்து கிடக்கின்றன, குடிக்க யாரும் இல்லை, தண்ணீர் முழுவதும் உங்களுக்கு.

கன்று போட மந்தை திரும்பி வரும். மாலைக் கறவை முடிந்ததும் முந்நூறு மாடும் ஒரே சமயத்தில் தொட்டிக்குப் போகும். நாம் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். கறவை முடிந்த நேரத்தில் குளிக்கப் போனால் தலையில் சோப்போடு நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா?

ஷோனாவைக் கூப்பிட்டேன். டேன் எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். "மாமா, நல்லாயிருக்கீங்களா? ஷோனா வெளிய வேலையா இருக்கா. இல்ல மாமா, அந்தப் பேச்சு மட்டும் வேணாம். நீங்க கூப்டா வச்சிடணும்னு மாமனார் சொல்லியிருக்காரு. தப்பா நெனச்சுக்காதீங்க, வச்சிடறேன்." வைத்துவிட்டான்.

நீ கேட்ட கேள்விக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். மாட்டின் தாகம் அதுவரை காத்திருக்காது.

சங்கத்துச் செயலாளருக்கும் எழுதினேன். "உங்கள் குடும்ப விவகாரத்தில் சங்கம் தலையிடாது" என்று ஒரு அட்டை வந்தது.

எழுது. ஒரு வரி போதும்.

நெவில்

---

இன்வர்கார்கில்
20 ஜூலை

திரு. நெவில் அவர்களுக்கு,

இனிமே அண்ணன்னு எழுத எனக்கு வாய் வரல.

ஒன்றரை நாள் பஸ்ல வந்து, எனக்கு ஒரு வார்த்த சொல்லாம, என் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கீங்க. கையில இரும்பறுக்கிற ரம்பம். அவ கதவத் திறந்ததும் அவளத் தள்ளிட்டுத் துவைக்கிற ரூமுக்குள்ள ஓடியிருக்கீங்க. "பெரியப்பா, மொதல்ல ரம்பத்தக் கீழ போடுங்க, டீ போட்டுத் தரேன்"னு அவ சொல்லியிருக்கா. "டீ வேணாம், மூடி வேணும்"னு கத்துனீங்களாமே. ஆறு மாசக் கர்ப்பிணி கிட்ட. தூண்ல ரெண்டு அங்குலம் கீறினதோட டேன் வந்துட்டான். அவன் நல்லவன், அதனால உங்களப் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டான். நானா இருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல விட்டிருப்பேன்.

அவ ராத்திரி பூரா அழுதா. உங்கள நெனச்சு அழுதா, பயந்துல்ல. அதான் எனக்குத் தாங்கல.

கீறல நான் அடச்சுட்டேன். முன்னவிட பலமா இருக்கு.

ஆகஸ்ட் எட்டாந் தேதி, ஞாயித்துக்கிழமை. மந்தை திரும்பிடும், கறவை ஆரம்பிச்சிருக்கும். சாயங்காலக் கறவை முடிஞ்ச கையோட கலனப் போட்டு, பக்கத்துப் பண்ணைக்காரங்க, சங்கத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டப்போறோம். பிறக்கப்போற குழந்தைக்கும் சேத்து ஒரு விருந்து. உங்களுக்கு அழைப்பு இல்ல.

இந்த வீட்டுல விறகு அடுப்பு இருக்கு. உங்க எழுத்து இருக்கிற எந்தக் கவரும் பிரிக்காம அதுக்குள்ளதான் போகும். ஷோனாவும் அப்படித்தான் செய்வா.

டக்ளஸ்

---

29 ஜூலை 1999

உறையின் மேல் இருப்பது என் எழுத்து அல்ல. மணிக்கட்டில் அடிபட்டிருக்கிறது என்று பொய் சொல்லி, அஞ்சலகத்தில் இருக்கும் பெண்ணிடம் விலாசம் எழுதி வாங்கினேன். அதனால்தான் பிரித்திருக்கிறாய். இதற்குள் யாரென்று தெரிந்திருக்கும். அடுப்பு எங்கும் போய்விடாது. இரண்டு நிமிடம் பொறு.

ரம்பத்தோடு போனது தவறு. அவளைத் தள்ளியதும் தவறு. செம்புத் தூணைத் தவிர வேறெதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. அவள் வயிற்றை நான் பார்க்கவே இல்லை, டக். பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது டேன் சொன்ன பிறகுதான் தெரியும்.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். மண்டபம் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து எழுந்து ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ அதே ஒலிபெருக்கியில், "அடடே, எங்கண்ணன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காரு, நான்தான் மடையன்" என்று சொல்லியிருப்பாய். நீ அப்படிப்பட்டவன். அதுதான் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. உனக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். முப்பது மைல் காரிலும் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் இரண்டு வருடமாக எனக்கு அது மட்டும்தான் துணை. ஜூன் மாதம் அதற்கு ஒரு விலை சொன்னேன். விலை சொன்னவனை நீ நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகவே என்னை நம்பவேண்டாம். தண்ணீரை நம்பு. எட்டாம் தேதிக்கு முன் ஏதாவது ஒரு நாள், மந்தை வந்த பிறகு, வின்டனுக்குப் போ. கலனை மூட்டாதே. குளிர் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்து, அடியில் கையை வைத்துக்கொண்டு நில். மாலைக் கறவை முடியட்டும். கடைசி மாடு கொட்டகையை விட்டு வெளியே வந்து, மந்தை தொட்டியை அடைந்து தலையைக் குனியும் வரை கையை எடுக்காதே. இருபத்தைந்து வருடம் தண்ணீர் பார்த்த கை அது. அது சொல்வதைக் கேள். நான் எழுதியது பொய் என்று அந்தக் கை சொன்னால் எல்லாவற்றையும் எரித்துவிடு. விருந்தை நடத்து. நான் மகிழ்ச்சியாகப் பைத்தியக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

கை வேறு மாதிரிச் சொன்னால், உள்ளே வைத்திருக்கும் தாளை எடு. என் பழைய குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. 17 செப்டம்பர் 1996. மூடியின் படம், பக்கத்தில் ஒரு வரி: "ஒட்டக்கூடாது. கோதுமை மாவு மட்டும். எதற்கும் முன்னால் இது விட்டுக்கொடுக்க வேண்டும்." குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் கையெழுத்துப் போடுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அந்த அடிப்பட்டையைக் கத்தரித்துவிட்டேன். தூண் என்னுடையது என்று யாரிடமாவது காட்ட என்னிடம் இருந்தது இந்த ஒரு தாள்தான். இப்போது இது யாருடையதும் இல்லை. உன்னுடையது என்று சொல்லிக்கொள்.

என் பெயர் இருந்தால் இது தம்பிமேல் பொறாமைப்பட்டவன் எழுதியது. செயலாளர் தூக்கிப் போடுவார், டேன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தூக்கிப் போடுவான். உன் பெயரில் வந்தால் கேட்பார்கள். ஷோனாவிடம், "பழைய பேப்பரப் பாத்தேன்மா, அப்பாதான் ஒண்ண மறந்துட்டேன்" என்று சொல். அவளுக்கு அது போதும். அடுத்த மடலில் ஒரு திருத்தம் போடு. மூடியை ஒட்டியவர்கள் எல்லாரும் வெட்டி எடுக்கட்டும். டக்ளஸின் மாவு என்றே பெயர் வை. சிரித்தால் சிரிக்கட்டும். நீ சிரிப்பைத் தாங்குகிறவன்.

மந்தை வருவதற்கு இன்னும் சில நாட்கள்தான். கடிதம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். ஒருவேளை மூன்று. நீ வீட்டில் இல்லாமல் போகலாம், ஆவ்ரில் வேறெங்காவது எடுத்து வைக்கலாம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே எழுதினேன். இதற்கு முன் எழுதிய தாளில் அடிக்கு வந்ததும் பழக்கத்தில் பேனா பெயரை எழுதத் தொடங்கிவிட்டது. முதல் எழுத்து விழுந்த பிறகுதான் பார்த்தேன். அடித்தாலும் தெரியும். அதனால் முழுவதையும் மறுபடி எழுதினேன்.

ஐந்து மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். இப்போது மணி நாலே முக்கால். இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். பெயர் போடாமலே உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடப்போகிறேன்.